பரிசல் ஏறிய அத்தை

அரக்கோணம் ஜங்ஷனில் ரயில் ஏறும்போதே அத்தை சொல்லிவிட்டாள்: "அருவியில் குளிக்கிறேன். பரிசலில் மட்டும் என்னை ஏற்றாதேடா, அப்பா!"

மொரப்பூரில் இறங்கி, பஸ்ஸில் தருமபுரி போய், அங்கிருந்து 46 கிலோமீட்டர் சென்றால் ஒகேனக்கல். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. காவேரி விழுகிற இடத்தில் நீர்த்திவலை புகையாகத்தான் எழுகிறது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவிக்கும் அவ்வூர் ஜனங்கள் வைத்த பெயர் 'இடி முழக்கும் புகை'!

தங்குவதற்குத் தமிழ்நாடு ஹோட்டலும் தனியார் விடுதிகளும் உண்டு. விடுமுறை நாட்களில் அறைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம். குளிக்குமுன் உடம்பு முழுவதும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட ஆட்கள் காத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக் கவலையும் இல்லை. மீனை வாங்கிக் கொடுத்துக் கூலி பேசிக்கொண்டால், அங்கே அடுப்பு மூட்டியிருக்கும் பெண்கள் குழம்பும் வறுவலும் மணக்க மணக்கச் செய்து தருவார்கள்.

எங்களுக்குச் சமைத்த அம்மாளிடம் அத்தை தன் பயத்தைச் சொன்னாள். அவள் சிரித்தாள்.

"கர்நாடகத்திலே மழை கொட்டி வெள்ளம் வந்தா, பரிசலையும் குளியலையும் நிறுத்திடுவாங்க, அம்மா. அப்புறம் ஜனம் வராது; எங்க அடுப்பும் எரியாது. பரிசல் ஓடினாத்தான் எங்களுக்குச் சோறு."

அத்தை பதில் பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேரே பரிசல் துறைக்கு நடந்தாள். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசல் சுழன்றபோது என் கையை விடவே இல்லை.

கரை ஏறியதும் சொன்னாள்: "உன் அம்மாவையும் அழைத்து வந்திருக்கலாமேடா!"