மார்ச் மாதம் இலை கொட்டும்

‘இலைகள் எந்த மாதத்தில் உதிரும்?’

இரண்டாம் வகுப்பு ஒர்க்‌ஷீட்டில் இப்படி ஒரு கேள்வி. என் பையன் பென்சிலை அழுத்திப் பிடித்து ‘மார்ச்’ என்று எழுதியிருந்தான். டீச்சர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘அக்டோபர்’ என்று திருத்தி அனுப்பியிருந்தார்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு நாங்கள் வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் வரும் சின்ன ஊர். பையன் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஏற்கெனவே பள்ளியிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. வீட்டில் அவன் வாயை மூடவைக்கத்தான் நாங்கள் பாடுபடுவோம்!

“தாத்தா வீட்டு வேப்பமரம் மார்ச்லதானேம்மா கொட்டும்? நானும் தாத்தாவும் சேர்ந்து கூட்டுவோமே?” என்றான்.

அவன் சொன்னது சரி. தஞ்சாவூர் பக்கம் எங்கள் அப்பா வீட்டு வாசலில் நிற்கும் வேம்பு மாசி, பங்குனியில்தான் மஞ்சளாகிக் கொட்டும். அடுத்து செம்பு நிறத்தில் தளிர் விடும். சித்திரை பிறக்கும்போது பச்சடிக்குப் பூ தயார். அக்டோபரில் நமக்கு ஐப்பசி மழை. மரமெல்லாம் பச்சைப் பசேலென்று சொட்டச் சொட்ட நிற்கும்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தோசையைத் திருப்பிக்கொண்டே, “அவங்க என்ன கேக்கறாங்களோ அதை எழுதுடா. எதுக்கு வம்பு?” என்றேன். அவன் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

இங்கே அக்டோபர் வந்தால் ஆரம்பப் பள்ளிகளில் எதை எடுத்தாலும் இலையுதிர் காலம்தான். இலையைக் காகிதத்துக்கு அடியில் வைத்து மேலே கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்ப்பார்கள். நரம்போடு இலை அப்படியே மேலே வரும். மெக்கின்டாஷ், கிரானி ஸ்மித், ஹனிகிரிஸ்ப் என்று ஆளுக்கு மூன்று துண்டு ஆப்பிள் கொடுத்து, எது பிடித்தது என்று ஓட்டுப் போடச் சொல்லி, அதையே வரைபடமாக வரைய வைப்பார்கள். கணக்குப் பாடமும் முடிந்தது, ஆப்பிளும் தீர்ந்தது!

பரங்கிக்காய் தினத்துக்கு உதவ அம்மா, அப்பாக்கள் வரலாம் என்று ஒரு சீட்டு வந்தது. இந்த மாநிலத்தில் பள்ளியில் உதவி செய்யப் போகும் பெற்றோருக்கும் குற்றப் பின்னணி சோதனை உண்டு. அதற்கான படிவத்தை நிரப்பிவிட்டு, மூன்று நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். எம்.காம். படித்தவள்தான். ஆனால், கடையில் ஏதாவது கேட்டால் ‘சாரி?’ என்று திருப்பிக் கேட்கிறார்களே, அந்த பயம். “ஏழு வயசுப் பசங்கதானே, உன்னை என்ன இன்டர்வியூவா பண்ணப்போறாங்க?” என்றார் கணவர். அவருக்கென்ன, ஆபீஸில் பாதிப் பேர் நம்மூர்க்காரர்கள்!

கடைசியில் போனேன். மேஜைக்கு ஒரு பரங்கிக்காய், நான்கைந்து பிள்ளைகள். முதலில் காயின் சுற்றளவைக் கண்ணாலேயே பார்த்து, அந்த அளவுக்கு நூல் வெட்ட வேண்டும். பிறகு சுற்றிப் பார்க்க வேண்டும். என் பையன் வெட்டிய நூல் காயை இரண்டு சுற்று சுற்றியது. என்னுடையது பாதிக்குத்தான் எட்டியது. அடுத்து, தண்ணீரில் போட்டால் மூழ்குமா, மிதக்குமா? எல்லோரும் ‘மூழ்கும்’ என்று கை தூக்கினார்கள். நானும்தான். எத்தனை பரங்கிக்காய் நறுக்கியிருப்பேன், ஒன்றையாவது தண்ணீரில் போட்டுப் பார்த்திருப்பேனா? பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விட்டதும் பந்து மாதிரி மிதந்தது. உள்ளே கூடு மாதிரி வெற்றிடம் இருக்கிறதே, அதனால்தான்.

பிறகு டீச்சர் மேல்பக்கத்தை வெட்டித் திறந்தார். உள்ளே கையை விட்டு விதையை எடுக்க வேண்டும். நார் நாராக, கொழகொழவென்று இருந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். என் பையன் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை உள்ளே விட்டான். பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விதை எடுத்த கையாயிற்றே! ஒரு நிமிஷத்தில் மற்ற மேஜைப் பிள்ளைகளும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். விதைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து, பத்துக் குவியலை ஒரு நூறாக்கி எண்ணினார்கள். எங்கள் மேஜைக்கு 463. ஒருவர் எண்ணிக்கையும் மற்றவரோடு ஒத்துப்போகாமல் மூன்று முறை எண்ணியது தனிக்கதை.

எல்லாம் துடைத்து முடித்த பிறகு, டீச்சரிடம் தட்டுத்தடுமாறி அந்த மார்ச் விஷயத்தைச் சொன்னேன். வேம்புக்கு ஆங்கிலத்தில் ‘நீம்’ என்பதுகூட அப்போது நாக்கில் வரவில்லை. சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நம் ஊரில் என்று கேட்காமல் விட்டது என் தப்பு” என்றார். பையனைக் கூப்பிட்டு அவனிடமும் அதையே சொன்னார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அடுத்த வாரம் இன்னொரு சோதனைக்குப் போனேன். பச்சை இலைகளைப் பொடியாகக் கிள்ளிக் கண்ணாடி டம்ளரில் போட்டு, டீச்சரே ஆல்கஹால் ஊற்றிச் சுடுதண்ணீர் பாத்திரத்துக்குள் நிறுத்தினார். பச்சைச் சாறு இறங்கியதும் அதில் காபி ஃபில்டர் துண்டின் நுனியைத் தொங்கவிட்டார். (நம் பித்தளை ஃபில்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே அது வெறும் வெள்ளைக் காகிதம்.) காகிதத்தில் பச்சை மெதுவாக ஏறியது. கொஞ்ச நேரத்தில் பச்சையை விட்டுப் பிரிந்து மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது.

மஞ்சள் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறதாம். பச்சையம் மறைத்துக்கொண்டிருக்கிறது. பகல் சுருங்கிக் குளிர் வந்ததும் மரம் புதிதாகப் பச்சையம் செய்வதை நிறுத்திவிடும். இருக்கிற பச்சை சிதையச் சிதைய மஞ்சள் வெளியே தெரியும். மேப்பிள் மரத்தின் சிவப்பு மட்டும் வேறு கதை. அது இலையில் தங்கிப்போகும் சர்க்கரையைக் கொண்டு அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது. பள்ளியில் நானும் பச்சையம் பற்றிப் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் என் பையன் கை தூக்கினான். “வேப்பிலைக்குள்ளேயும் மஞ்சள் இருக்குமா?” ஆங்கிலத்தில்தான் கேட்டான். ‘வேப்பிலை’ மட்டும் தமிழ். டீச்சர், “நான் அந்த மரத்தைப் பார்த்ததே இல்லையே, நீதான் சொல்லணும்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருக்கும். விழறதுக்கு முன்னாடி மஞ்சளாகும்” என்றான். அந்த வகுப்பில் அவன் சேர்ந்தாற்போல் பேசிய முதல் வார்த்தைகள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மதியம் மைதானத்தில் இலைகளை வாரிக் குவித்து, பிள்ளைகள் வரிசையாக ஓடிவந்து அதில் குதித்தார்கள். இவனும் குதித்தான். தலையெல்லாம் இலை.

மார்ச் வந்தபோது இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி கிடந்தது. டீச்சர் மறக்காமல் கேட்டு வாங்கிய வீடியோவை வகுப்பின் பெரிய திரையில் போட்டார். நான்கு முழ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈர்க்குமாற்றால் வேப்பஞ்சருகைக் கூட்டிக் குவிக்கிறார் என் அப்பா. கூட்டக் கூட்ட மேலேயிருந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. பார்த்து முடித்ததும் பிள்ளைகளிடமிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்ததாம். தாத்தா ஏன் அதில் குதிக்கவில்லை?

அன்று ராத்திரி போனில் அப்பாவிடம் சொன்னேன். “எழுபத்தி ரெண்டு வயசுல இது வேறயா?” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் வாட்ஸ்அப்பில் இன்னொரு வீடியோ. எடுத்தது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும், படம் அப்படி ஆடுகிறது. “விழுந்து வைக்காதீங்க, விழுந்து வைக்காதீங்க” என்று குரல் மட்டும் கேட்கிறது. அப்பா இரண்டு பக்கமும் பார்க்கிறார், தெருவில் யாரும் இல்லை. வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, சருகுக் குவியலுக்குள் தொப்பென்று ஒரு குதி.