வண்டி மேடையில் நிற்கும்போதே

ராசிபுரம் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு அறுவடை தொடங்கிவிட்டால் சேகோ ஆலை எடைமேடைக்கு ஓய்வே இருக்காது. லோடோடு ஒரு எடை, கிழங்கை இறக்கிய பின் வெறும் வண்டிக்கு ஒரு எடை. கழித்தால் வருவதுதான் விவசாயியின் கணக்கு.

அந்த எடைகளைப் பதியும் மென்பொருளை எழுதிய உள்ளூர்க்காரர் ஒருவர், முதலில் வேகத்துக்கு ஆசைப்பட்டார். இருபது எடைகளை நினைவகத்தில் சேர்த்துவைத்து, மொத்தமாக வட்டில் எழுதினார். ஒரு மாலை கரண்ட் போனது. திரும்பி வந்தபோது ஏழு எடைகளைக் காணோம். “கெழங்க எறக்கியாச்சுங்க, இனி எதை வெச்சு எடை போடறதுங்க?” என்று ஒரு விவசாயி கேட்டார்.

மிச்சம் பிடித்த நேரம்தான் எவ்வளவு? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிநொடி ஆகும். வண்டி மேடையில் ஏறி நிற்கவே அதைப் போல நூறு மடங்குக்கும் மேல் ஆகிறது!

வேகமா, பாதுகாப்பா என்ற இதே கேள்வி இயங்குதளங்களின் அடிவயிற்றிலும் உண்டு. கோப்பு ஒன்றை உருவாக்கினால் அதன் விவரத்தைச் சொல்லும் ஐநோடு முதலில் வட்டுக்குப் போக வேண்டும். கோப்புறையில் பெயர் பிறகுதான். வரிசை மாறி நடுவில் மின்சாரம் போனால், பெயர் குப்பையைச் சுட்டும். ஒவ்வொன்றுக்கும் வட்டுக்காகக் காத்திருந்து எழுதினால் ஆபத்தில்லை, ஆனால் வேகம் குறையும். கிரெகரி கேங்கரும் மார்ஷல் கிர்க் மெக்கூசிக்கும் வளர்த்த ‘சாஃப்ட் அப்டேட்ஸ்’ அந்தக் காத்திருப்பை நீக்கியது: எது எதற்கு முன் எழுதப்பட வேண்டும் என்ற சார்புகளை நினைவகத்திலேயே குறித்துக்கொண்டது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். வட்டின் ஒரே தொகுதியில் பல ஐநோடுகள் இருக்கும். ஒரு கோப்பைப் படைத்து, பக்கத்துக் கோப்பை அழித்தால், ஐநோடுத் தொகுதியும் கோப்புறைத் தொகுதியும் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும். அதனால் எழுதும் நேரத்தில் சில மாற்றங்களைத் தற்காலிகமாகப் பின்வாங்கி, எழுதி முடித்ததும் மறுபடி பொருத்துவார்கள். அபாரமான யோசனை. ஆனால் அடுத்தவர் எழுதிய அந்த நிரலில் நடு இரவில் பிழை தேடுகிறவர், எத்தனை பின்வாங்கல்களைத் தலையில் வைத்துக்கொள்வார்?

ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் அணி 2023இல் சாஃப்ட் அப்டேட்ஸை முடக்கியது. அந்த அக்டோபரில் வந்த 7.4 பதிப்பில் அந்தத் தேர்வைக் கொடுத்தாலும் எதுவும் நடக்காது. கோப்பு அடுக்கில் மேற்கொண்டு வேலை செய்ய அது தடையாக இருக்கிறது, தங்களால் பராமரிக்க இயலாத அளவுக்கு நுட்பமானது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை விரிக்கும் வேலை மெதுவாகும் என்று தெரிந்தே செய்தார்கள். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் இன்றும் அதை வைத்திருக்கிறது. மெக்கூசிக்கே அங்கே இருந்து வேலை பார்த்தவர். ஆக, எளிமை வேண்டுமா வேகம் வேண்டுமா என்பதை நிரலின் குணத்தோடு, அதைத் தாங்கும் கைகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே முடிவு செய்கிறது. எடைமேடைக்கு இருந்தது ஒரே ஒரு ஜோடிக் கை.

அந்த உள்ளூர்க்காரர், எடைகளைச் சேர்த்துவைக்கும் பகுதியை முழுதாக நீக்கினார். இப்போது ஒரு எடைக்கு ஒரு வரி, கோப்பின் கடைசியில். எழுதியதாகச் சொன்ன பிறகும் லினக்ஸ் அதை அரை நிமிடம்வரை நினைவகத்திலேயே வைத்திருக்கலாம் என்பதால், உடனே வட்டில் எழுதவைக்கும் ‘எஃப்சிங்க்’ அழைப்பு. அது முடிந்த பிறகே அச்சுப்பொறி சீட்டைத் தரும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் சரிபார்ப்பு எண் இருக்கும்.

கரண்ட் போய் வந்தால் நிரல் கடைசி வரியை மட்டும் சோதிக்கும். எண் பொருந்தாவிட்டால் அதை வெட்டி எறிந்துவிடும். அந்த வரிக்கு இன்னும் சீட்டு அச்சாகவில்லை. வண்டியும் மேடையிலேயே நிற்கிறது.