இருட்டுக்குப் பயந்து வகுப்பை நிறுத்தலாமா?

கொஞ்சம் நேரம் கிடைத்தால் உங்கள் பிள்ளைகள் ஓடும் சைக்கிளை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். முன்னால் லைட் எரிகிறதா? பின் மட்காட்டில் சிவப்பு ரிப்ளெக்டர் இருக்கிறதா? பிரேக்கையும் பெல்லையும் பார்க்கிற நாம் இந்த இரண்டையும் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

நாங்கள் இருப்பது கிழக்குக் கரையோரத்தில். இங்கே கடைக்கும் சைக்கிள்தான், சுபஹுக்குப் பள்ளிக்குப் போகவும் சைக்கிள்தான், பிள்ளைகளின் டியூசனுக்கும் சைக்கிள்தான். 2022ஆம் ஆண்டு பெற்றோல் கிடைக்காமல் நாடே தவித்தபோது, மூலையில் கிடந்த பழைய சைக்கிள்களும் வீதிக்கு வந்தன. அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. வீதி விளக்கும் இல்லாத அந்த இருட்டில் லைட் இல்லாமல் சைக்கிள் ஓடப் பழகிய பலர், இன்றும் அப்படியே ஓடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது மகளின் சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருந்தபோது. அவளுடைய கணித வகுப்பு முடிய இரவு ஏழரை ஆகிவிடும். அந்த நாட்களில் அடுத்த தெருப் பையன் ஒருவன் லைட் இல்லாத சைக்கிளில் வந்து, பின்னால் வந்த முச்சக்கர வண்டியில் அடிபட்டான். கால் முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தான். வண்டி ஓட்டியவர், "சத்தியமா எனக்குப் புள்ளயத் தெரியல்ல" என்று அழுதாராம்.

அன்றிரவே மாமி சொல்லிவிட்டார்: "பொம்புளப் புள்ள. இனி இருட்டுக்குப் பொறகு போகத் தேவல்ல. வகுப்ப நிப்பாட்டுங்க."

மகள் ஒன்றும் பேசாமல் கொப்பியை மூடி வைத்தாள். மாமியின் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பையனுக்கு நடந்த விபத்துக்காகப் பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது எந்த வகையில் சரி? "மாமி, அந்தப் புள்ள வகுப்புக்குப் போனதால அடிபடல்ல. இருட்டில தெரியாமப் போனதாலதான் அடிபட்டான்" என்றேன். மறுநாள் இவர் சைக்கிள் கடைக்குப் போய், முன்னுக்கு ஒரு வெள்ளை லைட்டும் பின்னுக்கு ஒரு சிவப்பு லைட்டும் வாங்கி வந்தார்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். சாரதி கண்டு, யோசித்து, பிரேக்கில் காலை வைக்கவே ஒன்று, ஒன்றரை வினாடி போய்விடும். அதன் பிறகும் வண்டி நிற்க இன்னும் 20 மீற்றராவது வேண்டும். தாழ்த்திய லைட்டில் கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவர் அவ்வளவு தூரத்தில் தெரிவது கஷ்டம். நாமும் நம் பெண் பிள்ளைகளும் அதிகம் உடுப்பது கறுப்பு ஹபாயாதானே! ஆனால் ஒரு நல்ல ரிப்ளெக்டர் 100 மீற்றருக்கு அப்பாலேயே மின்னும். வந்த வெளிச்சத்தை வந்த பக்கத்துக்கே திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை.

அப்படியானால் ரிப்ளெக்டர் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வாகனத்தின் லைட் அதில் பட்டால்தான் அது மின்னும். குறுக்கு ஒழுங்கையிலிருந்து வருகிறவருக்கும், லைட் இல்லாமல் எதிரே வருகிற இன்னொரு சைக்கிளுக்கும் அது தெரியாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

எங்கள் வாப்பாமாரின் சைக்கிள்களில் டைனமோ இருந்தது நினைவிருக்கும். டயரோடு உரசிச் சுழன்று 6 வோல்ற்றில் 3 வோற்று மின்சாரம் தரும். ஆனால் சைக்கிள் நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். சந்தியில் காத்து நிற்கும்போதுதானே நாம் தெரிய வேண்டும்! மழையில் டயர் நனைந்தால் வழுக்கவும் செய்யும். இப்போது வருகிற எல்.ஈ.டி. லைட்டுகளைப் போன் சார்ஜரிலேயே ஏற்றிக்கொள்ளலாம், நின்றாலும் எரியும்.

பூட்டும்போது சிலவற்றைக் கவனியுங்கள். முன் லைட்டைக் கொஞ்சம் கீழ் நோக்கிச் சாய்த்து வையுங்கள். எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது. பின் லைட்டைப் புத்தகப் பையோ ஹபாயாவின் ஓரமோ மறைக்கக் கூடாது. பெடலிலும் ரிப்ளெக்டர் இருந்தால் மிக நல்லது. அது மேலும் கீழுமாக அசைவதைக் கண்டதுமே, போவது சைக்கிள் என்று சாரதிக்கு விளங்கிவிடும். ஹபாயா சங்கிலியில் சிக்காமல் இருக்கச் சங்கிலிக்கு மூடி போடுங்கள். பையின் பின்புறத்தில் ஒளி தெறிக்கும் பட்டி ஒன்றைத் தைத்துவிடுங்கள்; தையல் தெரிந்த நமக்கு அது பத்து நிமிட வேலை.

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். கையில் போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. ஒரு பிரேக்குக்குக் கை இல்லாமல் போய்விடும். எதிரே பெரிய லைட் வந்தால் அதையே பார்க்காமல், வீதியின் இடது ஓரத்தைப் பார்த்து மெதுவாகப் போக வேண்டும். நம் பக்கத்து வீதிகளில் இரவில் மாடுகள் படுத்திருப்பதை மறக்கவே கூடாது.

மகள் கடைசி வரை வகுப்புக்குப் போனாள். கணிதத்தில் நல்ல பெறுபேறும் எடுத்தாள். இப்போது வீட்டில் யார் அந்திக்குப் பிறகு சைக்கிளை எடுத்தாலும், "லைட்டப் போட்டயா?" என்று முதலில் கேட்பது மாமிதான்.

சகோதரிகளே, நம் பிள்ளைகளைப் பற்றிய பயம் நமக்கு என்றும் இருக்கும். அந்தப் பயம் அவர்களை வீட்டுக்குள் இருத்தி வைக்கக் கூடாது. அவர்கள் பத்திரமாகப் போய் வர வழி செய்ய வேண்டும். ஒரு மாத டியூசன் காசுக்குள் இரண்டு லைட்டும் வாங்கிவிடலாம். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்து, அன்று அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றுவதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.