எல்க் மான் நாட்டிலே

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகெனி மேட்டுநிலக் காடுகளுக்கு நடுவே எல்க் கவுண்டி என்றொரு மாவட்டம் இருக்கிறது. எல்க் என்பது ஒரு மானின் பெயர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மேயும் கடமானுக்கு அது உறவு. ஆனால் அதனினும் பெரியது. முதிர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேல் எடை காணும். வசந்தம்தோறும் கொம்புகளை உதிர்த்துவிட்டு, கோடை முடிவதற்குள் கிளைகிளையாகப் புதுக் கொம்பு தாங்கி நிற்கும். 1843இல் அம்மாவட்டத்துக்கு அந்த மானின் பெயரைச் சூட்டினார்கள். அந்த நூற்றாண்டு முடியுமுன்னரே, துப்பாக்கியும் கோடரியும் சேர்ந்து அங்கிருந்த எல்க் இனத்தை அடியோடு அழித்துவிட்டன. பெயர் நிலைத்தது, பெயருக்குரியது மறைந்தது.

அம்மாவட்டத்தின் செயிண்ட் மேரீஸ் நகரில் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் சில நாட்கள் தங்கும் பேறு நமக்குக் கிட்டியது. கத்தோலிக்கரின் கையால் எழுந்த ஊர் அது. பால்டிமோரிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் புறப்பட்ட ஜெர்மானியக் கத்தோலிக்கர் சிலர் 1842 டிசம்பர் 8, மாதாவின் அமல உற்பவத் திருநாளன்று இக்காட்டை வந்தடைந்தனர். அதனாலேயே ஊர் மாதாவின் பெயர் பெற்றது. 1852இல் பவேரியாவிலிருந்து வந்த ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர், அமெரிக்காவிலேயே தங்கள் முதல் மடத்தை இங்குதான் நிறுவினர். அம்மடம் 2014இல் மூடப்பட்டது. ஊருக்கு வெளியே 1856இல் எழுந்த ஒரு சிற்றாலயம் இன்றும் இருக்கிறது. நீளம் 18 அடி, அகலம் 12 அடி. மரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்ட ஒரு குடியானவர், குணமடைந்தால் கட்டுவதாக நேர்ந்துகொண்ட ஆலயம் என்பர்.

அழிந்த மான் மீண்ட வரலாறும் கேட்கத்தக்கது. மேற்கே வெகுதொலைவிலுள்ள எல்லோஸ்டோன் முதலிய இடங்களிலிருந்து 1913 தொடங்கி 1926 வரை 177 எல்க் மான்களை இரயிலேற்றிக் கொண்டுவந்து இம்மாநிலக் காடுகளில் விட்டார்கள். 1923இல் வேட்டைக்கு இசைவு தந்தார்கள். மந்தை தேயக் கண்டு 1931க்குப் பிறகு நிறுத்தினார்கள். பின்னர் எழுபது ஆண்டு வேட்டைக்கு இசைவு இல்லை. நிலக்கரி தோண்டிப் பாழாகிய குன்றுகளை மண்ணிட்டுப் புல் வளர்த்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள். இன்று மந்தை ஆயிரத்துக்கு மேல். 2001இல் மீண்டும் வேட்டை தொடங்கியபோது 30 உரிமங்களுக்கு 50,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தனராம். இப்போது ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட உரிமங்கள், கேட்போரோ பல்லாயிரவர். சீட்டுக் குலுக்கியே கொடுக்கிறார்கள்.

அவ்வாண்டு சீட்டு விழுந்தவர்களுள் ஒருவரைப் பங்குத்தந்தை நமக்கு அறிமுகப்படுத்தினார். வயது 71. அவ்வூர்த் தொழிலான உலோகத்தூள் வார்ப்பாலையில் நாற்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வயதில் தந்தையோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போனவர், அன்று முதல் ஒரு பருவமும் தவறியதில்லை. எல்க் உரிமத்துக்கு 2001 முதல் ஆண்டுதோறும் விண்ணப்பித்து வந்தார். இருபத்துநான்கு ஆண்டுக் காத்திருப்பு! "இளமையில் கிடைத்திருந்தால் ஓடிப்போய்ச் சுட்டிருப்பேன், இப்போது நடந்துபோக வேண்டும்" என்று தம் முழங்காலைத் தட்டிச் சிரித்தார்.

வேட்டையோ ஆறே நாள், நவம்பர் 3 திங்கள் முதல் 8 சனி வரை. அந்த ஆறு நாளுக்கு அவர் மூன்று மாதம் ஆயத்தம் செய்தார். ஆகஸ்டு முதல், முதுகுப்பையில் மணல் மூட்டை வைத்து விடியற்காலையில் குன்றேறினார். முதலில் ஐந்து கிலோ, நாம் கண்டபோது பன்னிரண்டு. மோப்பத்தில் வல்ல அந்த மானை அணுகக் காற்றின் போக்கை அறிய வேண்டுமாதலால், சிறு குப்பியிலிருந்து மாவைத் தூவிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். கத்திகளைத் தீட்டினார், இறைச்சியைப் பொதிய வெள்ளைத் துணிப்பைகளை அவருடைய மனைவி தைத்து வெளுத்து அடுக்கினார். ஒரு மான் கிடைத்தால் ஏறத்தாழ 100 கிலோ இறைச்சி. அதில் கால் பங்கு ஏழைகளின் உணவுக் கூடத்துக்கு என்று முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டார். வேட்டையிறைச்சியை வறியவர்க்குச் சேர்ப்பிக்கும் அமைப்பு ஒன்று அம்மாநிலத்தில் 1991 முதல் இயங்குகிறது.

ஒரு மாலை பெனசெட் என்னும் சிற்றூருக்கு அருகேயுள்ள வின்ஸ்லோ குன்றுக்கு நம்மை அழைத்துச் சென்றார். செப்டம்பர் இணைசேரும் பருவம். மூடுபனி இறங்கும் புல்வெளியின் விளிம்பில் ஓர் ஆண் எல்க் தலை நிமிர்த்திக் குரல் கொடுத்தது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து இடி முழக்கத்தை எதிர்பார்த்த நமக்குக் கேட்டதோ, புல்லாங்குழலின் மேல்தாயிபோல் உயர்ந்து போய் முனகலாகத் தேய்ந்த ஒலி. அறுபதாண்டாய் மான் சுட்டவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்குச் சென்றோம். பேரனும் உடன் வந்தான். 100 கெஜத்தில் வைத்த காகிதத் தட்டில் பெரியவரின் பத்துக் குண்டுகளும் பாய்ந்தன. 150இலும் அப்படியே. 200இல் மூன்று தட்டுக்கு வெளியே போயின. கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. கை இலேசாக நடுங்கியது. "என் எல்லை 150" என்று குறிப்பேட்டில் எழுதிக் கோடிட்டார்.

"தாத்தா, 300 கெஜத்தில் ஒரு பெரிய கொம்பன் நின்றால்?" என்றான் பேரன்.

"நிற்கட்டும்."

"இனியொரு முறை உங்களுக்குச் சீட்டு விழுமா?"

"விழாது. அதற்காக அது குடல் கிழிந்து இரண்டு நாள் காட்டில் கிடந்து சாகலாமா?"

பேரன் மறுமொழி சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், நம் நாட்டில் வேட்டை என்றாலே குற்றம் என்று பழகியவர்கள் நாம். நம் கண்ணுக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆயினும் திருச்சபை தரும் அளவுகோல் ஒன்று உண்டு. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றுக்கு மனிதர் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள். உணவுக்கும் உடைக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம். தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே இழுக்கு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. அந்த அளவுகோலைப் படித்தறிவது எளிது. இருபத்துநான்கு ஆண்டு காத்துக் கிடந்த ஆசையின்மேல் வைத்து அளப்பது எளிதன்று.

வேட்டை தொடங்கிய நவம்பர் 3, வேட்டைக்காரரின் பாதுகாவலராகிய புனித ஹூபெர்ட்டின் திருநாள். லியேஜ் நகர் ஆயராய் இருந்து 727இல் மரித்தவர். பெரிய வெள்ளியன்று ஆலயம் செல்லாமல் மான் துரத்தியவருக்கு, அம்மானின் கொம்புகளிடையே பாடுபட்ட சுரூபம் தோன்றியதாகவும், அவர் மனந்திரும்பியதாகவும் மரபு. வில்லைத் தாழ்த்தியவரே வில்லேந்துவோருக்குப் பாதுகாவலர்! சனியன்று பாவசங்கீர்த்தனம், ஞாயிறன்று இறந்த விசுவாசிகள் நினைவுத் திருப்பலியில் தம் தந்தைக்காகச் செபம், திங்கள் இருள் பிரியுமுன் காடு என்பதே பெரியவரின் திட்டம். அதற்கு முன்னரே நாம் விடைபெற்றோம்.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்தோடு டிசம்பரில் அவருடைய மடல் வந்தது. முதல் இரண்டு நாளும் மழை. புதன்கிழமை காலை, சுரங்கக் குன்றின் சரிவில் பெரியதோர் ஆண் எல்க் வெளிப்பட்டதாம். இடையே திறந்த வெளி. தொலைவு 280 கெஜம். கிட்டே நகர மறைவில்லை. காற்றும் அதன் பக்கமே வீசிற்று. அரைமணி நேரம் அது மேய்ந்தது. பின் காட்டுக்குள் போயிற்று. சனி மாலைவரை வேறொன்றும் அகப்படவில்லை. அதே மாத இறுதியில் பேரன் ஒரு வெள்ளைவால் மானை அருகிலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தினான். அதன் இறைச்சியில் கால் பங்கு, வாக்களித்தபடியே ஏழைகளின் உணவுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வெறுங்கையோடு திரும்பினேன் என்று அவர் எழுதவில்லை. "அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றே எழுதியிருந்தார். கூடவே, பேரன் தன் குறிப்பேட்டிலும் ஓர் எல்லையை எழுதிக் கோடிட்டிருக்கிறானாம். பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பவை பல. நாம் அடக்கிக்கொள்வதை அவர்கள் கண்டு கற்பது வேறொன்று. அது நெடுநாள் நிற்கும்.