குறிப்பும் குரலும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையை அடுத்த எல்லைச் சிற்றூர்களில் வழங்கும் தமிழைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்பிய நான், பனைத்தொழிலாளியான முதியவர் ஒருவரின் பேச்சைப் பதிவுசெய்தேன்.

மேற்கோள்களைத் தொகுக்கும் சோட்டெரோ மென்பொருளில் அதற்கொரு குறிப்பு எழுதினேன். அதில் கோப்பையே நகலெடுத்து வைக்கலாம். அஃது இருக்கும் இடத்தை மட்டும் இணைக்கவும் செய்யலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். பணியிட மாற்றத்தின்போது கணினியும் மாறியது. பழைய கோப்புறையை எடுத்துவர மறந்தேன்.

குறிப்பில் பெயரும் நாளும் இருந்தன; குரல் இல்லை. மீண்டும் அவ்வூர் சென்றேன், முதியவரும் மறைந்திருந்தார்.

மாணவர்களே, உங்கள் பாட்டி கூறும் ஊர்ச்சொற்களை எழுதும்போது, கூறியவர், இடம், நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். குரற்பதிவையும் ஈரிடங்களில் காத்து வையுங்கள்.