வேலி மாதிரி ஒன்று

பதிவு கொஞ்சம் நீளம். வட்டைப் பக்கம் தினமும் போய்வருகிறவர்களாவது கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

ஒரே கலாசாலையில் ஒன்றாகப் பயிற்சி முடித்த நாங்கள் ஐந்து பேர், மூன்று மோட்டார் சைக்கிளில், காலை ஆறே முக்காலுக்குக் கல்முனையிலிருந்து மேற்கே புறப்படுகிறவர்கள். கிட்டங்கி தாண்டி நாவிதன்வெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிறோம். மாரி வந்தால் வயலும் றோட்டும் ஒரே மட்டம். தண்ணீர் மேலால் ஓடும் நாட்களில் எது தார், எது கரை என்று காட்ட மிஞ்சுவது ஓரத்துக் கட்டைகளும் கம்பிகளும்தான்.

உடைந்த வேலி எந்த இடத்தில் என்று இங்கே எழுதவில்லை. போகிறவர்களுக்குத் தெரியும். பெரும்போக வெட்டு நேரம் நெல் லொறி ஒன்று மோதி, மூன்று தூண் சரிந்து, இரண்டு தகடு பிய்ந்தது. ஒரு தகட்டின் முனை றோட்டுப் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. யாரோ ஒரு நல்ல மனிசன் அதில் சிவப்புப் பொலித்தீன் பையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஏழு மாதம் நாங்களும் அந்தப் பையைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கிப் போய்வந்தோம். பழகிப் போனால் எல்லாமே பாதையின் ஒரு பகுதிதான்.

பிறகு ஒரு நாள், எதிரே வந்த டிப்பருக்கு இடம் விட்ட எங்களில் ஒருவரின் முழங்காலை அந்த முனை கிழித்தது. பதினான்கு தையல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டது ஒன்றுதான்: "பின்னால புள்ள இருந்திருந்தா, மச்சான்?" செவ்வாய்க்கிழமைகளில் அவர் மகளையும் ஏற்றிக்கொண்டு வருவது வழக்கம். அன்று புதன்.

கடிதம் எழுதிக்கொண்டு கந்தோருக்குப் போனோம். "இது எங்கட ரோட்டு இல்ல சேர்" என்றார்கள். இரண்டாவது கந்தோரிலும் கிட்டத்தட்ட அதே பதில். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு, உள் வீதிகள் மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் என்ற பிரிவை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தோம். நீங்களும் படித்து வைத்துக்கொள்ளுங்கள், அலைச்சல் குறையும். கந்தோர்களின் பெயரைப் போட்டு ஏசுவதில் பிரயோசனமில்லை. அங்கே இருந்த எழுதுவினைஞரும் நம்மட ஊர்ப் புள்ளதான்.

அப்புறம்தான் எங்களுக்கு ரோசம் வந்தது. காசு சேர்த்தோம். வெல்டிங் தெரிந்த ஒரு தம்பி கூலி வாங்காமல் வந்தார். சரிந்த தூண்களை நிமிர்த்தி, பிய்ந்த தகட்டைத் திருப்பிப் பொருத்தி, மீதி இடைவெளிக்குத் தண்ணிக் குழாய் வைத்து ஒட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்தோம். படம் எடுத்து இதே பக்கத்தில் போட்டதும், நீங்கள் எல்லாம் மாஷா அல்லாஹ் சொன்னதும் ஞாபகமிருக்கும்.

ஓய்வுபெற்ற ஓவசியர் மாமா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் அஸருக்குப் பிறகு சைக்கிளில் நேரே அந்த இடத்துக்கே வந்துவிட்டார். ஒரு கையால் தூணைப் பிடித்து ஆட்டினார். ஆடியது.

"மகன், இது வேலி இல்ல. வேலி மாதிரி ஒண்டு."

எங்களுக்கு முகம் சுருங்கிப் போனது. அவர் விடவில்லை, தகட்டுக்குத் தகடு காட்டிப் படிப்பித்தார். தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றுவது கூரைக்கு ஓடு போடுகிற மாதிரி. மழைத் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகாமல் வழிய மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் கிடக்க வேண்டும். அதேபோல வாகனம் வரும் பக்கத்துத் தகடுதான் அடுத்த தகட்டை மூட வேண்டும். நாங்கள் மாறிப் போட்டிருந்தோம். உரசிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிளை விளிம்பு வழுக்கி விடாது, குத்தி நிறுத்தும். அதாவது முழங்காலைக் கிழித்த அதே வேலையைச் செய்ய நாங்கள் இன்னொரு முனையைக் காசு கொடுத்துச் செய்திருந்தோம்.

ஒவ்வொரு பொருத்துக்கும் எட்டு ஆணி வேண்டுமாம். எங்களுடையதில் மூன்று. மிச்சம் லொறி மோதியதிலா, பழைய இரும்புக்காரன் கையிலா போனது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வாகனம் மோதும்போது தகடு கயிறு மாதிரி இழுபட்டுப் பாரத்தைப் பக்கத்துத் தூண்களுக்குப் பகிர வேண்டும். ஆணி இல்லாத இடத்தில் அந்தக் கயிறு அறுந்த கயிறு. தூண்கள் வழமையாக ஏறத்தாழ 1.9 மீற்றருக்கு ஒன்று. அவற்றைப் பிடித்திருப்பது பின்னால் இருக்கும் மண். எங்கள் பாதையில் ஒவ்வொரு வெள்ளமும் அந்த மண்ணைத்தான் முதலில் கொண்டுபோகிறது. ஈறு தேய்ந்த பல்லுக்கு வெள்ளி பூசிய மாதிரித்தான் எங்கள் பெயின்ட்.

"நீங்க போட்டதால ஆக்கள் நம்பி இன்னும் கொஞ்சம் வேகமா வருவாங்க" என்றார். அன்று இரவு எங்களில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை.

2024 நவம்பர் 26ஆம் திகதியை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை மூடி ஓடிய வெள்ளம், மதரஸாவிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளோடு உழவு இயந்திரத்தை இழுத்துப் போன நாள் அது. பலமான வேலி இருந்திருந்தால் என்று அவரிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முழங்காலுக்கு மேல், இரண்டடி உயரத்தில் ஓடும் தண்ணீர் பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அந்தப் பாரத்தை வேலியிடம் கொடுக்க முடியாது, தண்ணீருக்கு இந்தப் பக்கமே நிறுத்த வேண்டும் என்றார். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்லயில் பஸ் விழுந்ததும் ஓரத்து வேலியை உடைத்துக்கொண்டுதான். இந்த அலைத் தகட்டு வேலியைச் சோதிக்கும் அமெரிக்க முறையில் மோத விடுவது ஒரு டொன் சொச்சம் காரையும் இரண்டேகால் டொன் பிக்கப்பையும். ஆள் நிறைந்த பஸ் அதைப் போலப் பல மடங்கு. இது பின்னர் நாங்களே தேடி வாசித்தது.

ஆகவே நாங்கள் செய்ததைக் கழற்றினோம். கட்டும்போது பத்துப் பேர் வந்தார்கள், கழற்ற நாங்கள் ஐந்து பேரும் வெல்டிங் தம்பியும்தான். "படம் போடலியா சேர்?" என்று கேட்டான் சைக்கிளில் போன எட்டாம் வகுப்புக்காரன் ஒருவன். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இந்தப் பதிவுதான் பதில்.

ஓவசியர் மாமாவே எங்களைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் கந்தோருக்குப் போனார். இந்த முறை "வேலி உடைஞ்சிருக்கு" என்று எழுதவில்லை. எத்தனை தகடு, எத்தனை தூண், எத்தனை ஆணி, எத்தனை அடி நீளத்துக்கு மண் அரித்திருக்கிறது என்று அளந்து, படத்தோடு கொடுத்தோம். ஒரு உத்தியோகத்தர் வந்து பார்த்தார். அவர் முன்னிலையில் நீட்டிக்கொண்டிருந்த தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்தோம். புதிய வேலிக்கு மதிப்பீடு போகும் என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

அதுவரைக்கும் அந்த இடைவெளியில் அவர் சம்மதித்த ஒன்றை மட்டும் வைத்திருக்கிறோம்: சிவப்பு, வெள்ளை அடித்து, வெளிச்சம் பட்டால் மின்னும் நாடா சுற்றிய ஒன்பது பீவிசி குழாய்கள். மோதினால் வளைந்துவிடும், யாரையும் தாங்காது. ஒரு பலகையில் "இது வேலி அல்ல. மெதுவாகச் செல்லவும்" என்று எழுதியிருக்கிறோம்.

மழை தொடங்க முதல் கரையின் மண் போட வேண்டும், அதற்கும் வாய்மொழியாகச் சரி சொல்லியிருக்கிறார்கள். கிரவல் இரண்டு லோட் தருவதாக ஒரு போடியார் ஏற்றுக்கொண்டார். வருகிற சனிக்கிழமை, சுபஹுக்குப் பிறகு. மண்வெட்டி இருக்கிறது. அலவாங்கு இரண்டு, மண் இறுக்குகிற கட்டை ஒன்று குறைகிறது. வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் எங்களில் யாருக்காவது சொல்லிவிடுங்கள்.