அறுவைக்கு முந்திய வலி

முதுமையில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அறுவை செய்து பொருத்துவதே பெரும்பாலோர்க்கு வழி. வலியும் அதனோடு தீரும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயின், விழுந்த வேளைக்கும் அறுவை மேசைக்கும் இடையே ஓர் இரவோ இரண்டு நாளோ கழிகின்றனவே, அந்நேரத்து நோவை நினைப்பவர் யார்?

எங்கள் நன்னி எண்பது கடந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து மருத்துவமனையில் கிடந்த அன்று ஒருமுறையேனும் கூக்குரலிட்டாரில்லை. தண்ணீர் கொடுத்தால் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டார். காரணத்தை அவரே சொன்னார்: நீர் அருந்தினால் சிறுநீர் வரும், அதற்கு இடுப்பைத் தூக்க வேண்டும், தூக்கினால் உயிர் போகிறது. அசையாதிருக்கையில் அடங்கிக் கிடக்கும் இவ்வலி, அசைக்கும்போதுதான் தன் முழு உருவைக் காட்டுகிறது.

மார்பின் போன்ற மருந்துகள் வலியைக் குறைக்கும். எனினும் முதியோர்க்கு அவை மூச்சைத் தளர்த்தவும் அறிவை மயக்கவும் கூடும். அடக்கப்படாத வலியும் சித்தத்தைக் கலக்கும். ‘பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்று நாம் இரங்கும் பிதற்றலுக்கு வலியே காரணமாய் இருப்பதும் உண்டு.

இவ்விடத்தில் உதவுவது நரம்பை மரக்கச் செய்யும் ஊசி. கவட்டருகில், ஸ்கேன் கருவியால் பார்த்து, தொடை நரம்பு செல்லும் உறைக்கு அடியில் மரப்பு மருந்தைச் செலுத்துவர். நோயாளி விழித்தே இருப்பார். வலிச் செய்தி மட்டும் பல மணி நேரம் தடைப்படும். மயக்க மருந்து மருத்துவர் அவ்வூசியைப் போட்ட சிறிது நேரத்தில், நன்னி தாமாகவே தண்ணீர் கேட்டு வாங்கி அருந்தினார்.

இஃது எங்கள் அனுபவம் மட்டுமன்று. 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஊசி போட்ட 30 நிமிடங்களுக்குள் அசைவின் வலி தணிவதையும், சித்தக் கலக்கம் நேர்வது குறைவதையும் உறுதியாகக் காட்டிற்று.

இவ்வூசி அறுவைக்கு மாற்றன்று. குருதி உறையாமலிருக்க மாத்திரை உண்போர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தொடை மரத்திருக்கையில் துணையின்றி எழ முயலலாகாது.

‘அறுவை எப்போது?’ என்று மருத்துவரைக் கேட்கும் நாம், ‘அதுவரை வலிக்கு என்ன செய்வீர்கள்? நரம்புக்கு ஊசி போட இயலுமா?’ என்றும் கேட்போமாக. முதியோர் தாமாகக் கேட்கமாட்டார்கள். பொறுத்தே பழகியவர்கள் அவர்கள். அவர்களுக்காக வாய் திறப்பது பிள்ளைகளின் கடன்.